பின்சுவர் ஓரம் ஒரு மேஜை

"பாத்தீங்களா மேடம்? புதுசா வந்த டீச்சர், தன் மேஜையைத் தூக்கிக் கடைசி பெஞ்சுக்குப் பின்னாடி போட்டுக்கிட்டாங்க."

கணக்கு சார் சொன்னதும் தலைமை ஆசிரியை பேனாவை மூடினார்.

"பின்னாடியா? எதுக்காம்?"

"அங்க உக்காந்தா யாருக்குத் தெரியப் போகுது? செல்போன் பாக்கலாம். ஒரு குட்டித் தூக்கம்கூடப் போடலாம். வந்து ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள என்ன சொகுசு!"

"பிள்ளைங்க முகத்தைப் பாக்காம என்ன பாடம் நடத்துறாங்க? இருங்க, ஒரு கை பாத்துட்டு வரேன்."

மாடியில் ஐந்தாம் வகுப்பை நெருங்கும்போது, உள்ளே யாரோ பாடம் வாசிக்கும் குரல் கேட்டது. கொஞ்சமும் தடங்கல் இல்லை. ஏற்ற இறக்கம் எல்லாம் கச்சிதம்.

'யாருடா இது, இவ்வளவு அழகா வாசிக்கிறது?'

உள்ளே நுழைந்தார். பிள்ளைகள் எல்லோரும் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பின்னால், புது டீச்சரின் மேஜையை ஒட்டிப் புத்தகத்தோடு நின்றவளைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

வகுப்பே 'ஊமைக்கோட்டான்' என்று கூப்பிடும் பெண். வாயைத் திறந்தாலே திக்கும். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். போன வருஷம் இதே பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தபோது, "நீ வாசிக்க வேணாம் கண்ணு, உக்காரு" என்று பாவம் பார்த்து உட்கார வைத்தவர் தலைமை ஆசிரியைதான். வருஷம் முழுக்க!

அவள் நிமிர்ந்தாள். எதிரே தலைமை ஆசிரியையின் முகம்.

"ம... ம... ம..."

அதற்கு மேல் வரவில்லை. நாலைந்து தலைகள் திரும்பப் பார்த்தன.

"யாரும் திரும்பக் கூடாது. போர்டைப் பாருங்க" என்ற புது டீச்சர், அவசரமாக முன்னால் வந்து தணிந்த குரலில் சொன்னாள்:

"முகத்தைப் பாத்தாத்தான் மேடம் அவளுக்குத் திக்குது. அதான் மேஜையைப் பின்னாடி போட்டேன். அவளுக்காகன்னு தெரிஞ்சிடக் கூடாதுல்ல? எல்லாரையுமே அங்க வந்துதான் வாசிக்கச் சொல்றேன்."

தலைமை ஆசிரியை முன்வரிசைக்குப் போனார்.

"கொஞ்சம் நகரு கண்ணு" என்று முதல் பெஞ்சில் இடம் வாங்கி, பிள்ளைகளோடு பிள்ளையாகக் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.



பிறகு முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல், விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தது.