பத்திரமாக இருக்கும்

"மூளை இருக்கிற எவனாவது இப்படிச் செய்வானா?" என்று மேசையைத் தட்டினார் மதிப்பீட்டாளர்.

எதிரே மூன்று பேர் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கிரிப்டோ நாணயம் நடத்தும் முதலாளி, அவர் மனைவி, மனைவியின் தம்பி. முந்தாநாள் எவனோ அவர்களுடைய டிஜிட்டல் பெட்டகத்தைத் திறந்து, துடைத்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மிச்சமிருக்கும் முதலீட்டாளர்கள் தங்குவார்களா, ஓடுவார்களா என்பது இந்த நாணயம் பாதுகாப்பானதா என்று மதிப்பீட்டாளர் இன்று எழுதப்போகும் ஒரு வரியில் இருந்தது. அது அவருக்கும் தெரியும். இல்லாவிட்டால் அடுத்தவர் நாற்காலியில் இப்படிச் சாய்ந்து ஆடிக்கொண்டிருப்பாரா?

பெட்டகத்துக்கு மூன்று ரகசியச் சாவிகள், நீளமான கடவுச்சொற்கள் மாதிரி. ஆளுக்கு ஒன்று. மூன்றும் சேர்ந்தால்தான் திறக்கும்.

"உங்க சாவி எங்கே?"

"மச்சான்கிட்ட குடுத்து வெச்சிருக்கேன் சார். எனக்கு ஞாபகமறதி" என்றார் முதலாளி.

மச்சானுடையது அக்காவிடம். அக்காவுடையது கணவரிடம்.

அடேயப்பா, என்ன பாசம்! மதிப்பீட்டாளருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் சுற்றி வந்து பார்த்தால் ஆளுக்கு ஒரு சாவிதான் இருந்தது. அது அவரை உறுத்தியது.

"மூணும் ஒரே இடத்துல இருந்தாத்தானே திருட முடியும்? எந்தப் புண்ணியவான்கிட்டய்யா மூணும் இருந்துச்சு?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, மனைவிதான் வாயைத் திறந்தாள்.

"உங்ககிட்டதான் சார். போன வருஷம் சோதனைக்கு வந்தப்போ, சரிபார்க்கணும், மூணையும் மெயில்ல அனுப்புங்கன்னு நீங்கதானே கேட்டீங்க."

நாற்காலி ஆடுவது நின்றது.

அவர் போனை எடுத்துத் தேடினார். இருந்தது. ஒரே மெயிலில் மூன்று சாவிகளும். கீழே அவருடைய பதில்: 'கிடைத்தது. பத்திரமாக இருக்கும்.'

அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. அதே மெயிலை, சாவிகளோடு, தான் மதிப்பிடும் மற்ற எல்லா நாணயக் கம்பெனிகளுக்கும் அனுப்பியிருந்தார். 'இதை மாதிரியாக வைத்து உங்கள் சாவிகளையும் அனுப்பவும்.'

அத்தனை பேரும் அனுப்பியிருந்தார்கள். சொன்ன பேச்சைக் கேட்கிற நல்ல மனிதர்கள்.

கையிலிருந்த போன் அடித்தது. வேறொரு நாணயக் கம்பெனி. எடுப்பதற்குள் வரிசையில் இன்னொன்று.

முதலாளி தண்ணீர் டம்ளரை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார்.

"எடுங்க சார். அவங்களும் உங்களைத்தான் கூப்பிடுவாங்க, மதிப்பீடு பண்ண."