கேட்டில் விருந்தாளி

வெர்னா சுரங்கத் தொலைபேசியின் பொத்தானை அழுத்தினாள்.

"கேட்டுல விருந்தாளி வந்தாச்சு."

மூன்றே சொற்கள். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இரண்டு மைல் தூரத்தில் மலையே எழுந்து ஓடத் தொடங்கியது.

சுரங்கத் தொலைபேசியில் ஒருவர் பேசினால் எல்லா ஒலிபெருக்கிப் பெட்டியிலும் கேட்கும். கேட்டையொட்டிய காவலறையில் உட்கார்ந்திருந்த அவளுக்கும் கேட்டது. பூட்ஸ் கால்கள் சேற்றில் சளக் சளக்கென்று ஓடின. யாரோ விசிலடித்தார்கள். இரும்பில் இரும்பு மோதியது.

"டேய், திரை எங்கடா? தூக்கிட்டு வா!"

"நீதானடா நேத்து அதைச் சுருட்டித் தலைக்கு வெச்சுத் தூங்கின!"

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது.

கரி வெட்டும் இடம் வரை நல்ல காற்றைக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் திரை அது. எப்போதும் தொங்க வேண்டும் என்பது சட்டம். தொங்கினால் வண்டிகள் போய்வர இடைஞ்சல், கரி குறையும். அதனால் அரசாங்கச் சோதனை அதிகாரி, அதாவது 'விருந்தாளி', கேட்டுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தால்தான் திரை ஏறும். தூசியை அடக்கும் தண்ணீரும் அப்போதுதான் திறக்கும். முன்கூட்டிச் சொல்வது குற்றம்தான். அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் இந்த மூலையில் அதைக் குற்றமாக யாரும் நினைத்ததில்லை. காவலறையில் உட்காருபவர் செய்யவேண்டிய முதல் வேலையே அதுதான்.

உள்ளே அவள் தம்பி ராய்ஸ் இருந்தான்.

கூரைப் பாறை சரியாமலிருக்க அதில் துளைபோட்டு போல்ட் இறக்குபவன். முப்பத்தாறு வயது. வீட்டு வாசலிலிருந்து தன் வண்டிக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பான், எதையோ மறந்துவிட்டவனைப் போல. போன மாதம் மருத்துவர் அவன் நெஞ்சின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பனி பெய்த மாதிரி இருந்தது. "இனிமே நெஞ்சுக்குள்ள போகாத தூசிதான் உங்களுக்கு மருந்து" என்றார்.

வேலையை விடச் சொன்னால், "விட்டுட்டு? உன்கூட உக்காந்து கேட்டுல வண்டி எண்ணவா?" என்பான்.

"தண்ணி தொறந்தாச்சு!" என்று ஒரு குரல் கூவியது.

வெர்னா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"திரை ஏறியாச்சு! டேய், காத்துடா! ஃபிரிட்ஜைத் தொறந்த மாதிரி இருக்குடா!"

பிறகு ராய்ஸின் குரல். "அக்கா, யாரு வந்திருக்கறது? நம்ம கடுகடு பிக்கெட்டா?"

"அவரேதான்," என்றாள். "முதல்ல ரிஜிஸ்டரெல்லாம் பாக்கணுமாம்."

"அப்போ ஒரு மணி நேரம் ஆகும்."

"ஆகும்."

பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள். இருமல் இல்லை. ஒரு மணி நேரம் நல்ல காற்று! கைகளைக் கோத்துக்கொண்டு அந்தச் சின்ன அறைக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

மூன்றாவது சுற்றில் கதவு திறந்தது.

சுரங்க மேலாளர் லொவெல் ஸ்டிடம் வந்து நின்றார். வழக்கமாக அதிகாரி வந்தால் சட்டையை உள்ளே செருகிக்கொண்டு, துடைத்த ஹெல்மெட்டோடு ஓடி வருவார். இன்றைக்கு ஹெல்மெட் இல்லை. அவசரமும் இல்லை.

"பிக்கெட்டுன்னா சொன்ன?"

வெர்னா நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அவளும் பார்த்தாள். அவள் கார். அவர் டிரக். மற்றபடி மழை தேங்கிய குழிகள். அதிகாரி வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு டயர் தடம்கூடக் கிடையாது.

"காலைல பிக்கெட்கிட்டதான் ஒரு டப்பா ஆணி வாங்கினேன்," என்றார் லொவெல். "இரும்புக் கடைல வேலைக்குச் சேந்துட்டாரு. அவங்க ஆபீசைப் பூட்டி மூணு வாரமாச்சே. விதியெல்லாம் கம்பெனிக்குச் சுமையாம், வாஷிங்டன்ல குறைக்கிறாங்களாம். ஊருக்கே தெரியுமேம்மா."

வேலை போச்சு என்று நினைத்தாள். அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கு உறைத்தது.

ஊருக்கே.

அப்படியானால் ராய்ஸுக்கும் தெரியும். விசிலடித்தவனுக்கும், தண்ணீரைத் திறந்தவனுக்கும் தெரியும். உள்ளே இருக்கும் இருபத்தெட்டு பேரும் தெரிந்தேதான் ஓடியிருக்கிறார்கள்.

பெட்டி கரகரத்தது. "என்னக்கா," என்றான் ராய்ஸ். கீழே எல்லா இயந்திரமும் அடங்கியிருந்தது. "விருந்தாளி கெளம்பிட்டாரா?"

லொவெல் கையை நீட்டினார். வெர்னா ஒலிவாங்கியைக் கொடுத்தாள். வேறென்ன செய்ய முடியும்?

பொத்தானை அழுத்தினார். பேச வாயெடுத்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. மேலாளர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் அதே குழியில் கிடந்தவர். மேசையைப் பிடித்துக் குனிந்து, கண்ணில் நீர் வர, வெகுநேரம் இருமினார். பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. அவ்வளவையும் கீழே எல்லாப் பெட்டியிலும் கேட்டிருப்பார்கள்.

கடைசியில் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கெளம்பலடா," என்றார். "ரிஜிஸ்டரத்தான் படிச்சிட்டிருக்காரு. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கிறாரு. ஷிப்ட் முடியற வரைக்கும் படிப்பாரு போல."