அமோக் என்றால் அமோகம்

மெனு அட்டையின் முதல் வரியைப் படித்ததுமே கனகேஸ்வரி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“அமோக்கா? பாராங் கத்தியைத் தூக்கிக்கிட்டு வெறிபிடிச்சு ஓடுவானுங்களே, அந்த அமோக்கா?”

அம்பிகைபாகன் சிரித்தார். துறைமுகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து, உலகத்து மொழிகளுக்கெல்லாம் தமிழில் வேர் தேடிக்கொண்டிருப்பவர் அவர். பழைய வேலைக்குச் சம்பளம் இருந்தது. இதற்கு இல்லை. அதனாலேயே இதில் இரட்டிப்பு மும்முரம்.

“அது மலாய்க்காரன் அமோக். இது கம்போடியாக்காரன் அமோக். விளைச்சல் அமோகம், வியாபாரம் அமோகம்னு சொல்றதில்லையா? நம்ம சொல்லுலா!”

உண்மையில் அவர் இங்கே வந்தது சாப்பிட அல்ல. பதில் வாங்க.

ஈப்போ டாக்டர் மாப்பிள்ளையின் ஜாதகம் வந்து மூன்று மாதம் ஆகிறது. பத்துக்கு எட்டுப் பொருத்தம். மகள் புஷ்பராணி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போன வாரம்தான் வாயைத் திறந்தாள். பர்மா ரோட்டுப் பக்கம் கம்போடியாக் கடை ஒன்று புதிதாக வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே சாப்பிடுவோம், சாப்பிட்டு முடித்ததும் பதில் சொல்கிறேன் என்றாள்.

கம்போடியாவில் சிலந்தியைப் பொரித்துத் தின்பார்கள் என்று கனகேஸ்வரிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். தட்டில் சிலந்தி வராமல் இருந்தால் தண்ணீர்மலை முருகனுக்கு ஒரு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டுதான் காரில் ஏறினாள்.

பரிமாறும் பெண் ரொஸ்னா வந்தாள். புஷ்பராணி மெனுவைத் திறக்காமலே விரலால் மூன்று காட்டினாள். ரொஸ்னாவும் எதுவும் கேட்காமலே போனாள்.

முதலில் ஒரு கிண்ணத்தில் புளிப்பான சூப் வந்தது. பெயர் சம்லோ என்றாள் மகள்.

“சாம்பார்!” என்று மேசையைத் தட்டினார் அம்பிகைபாகன். பக்கத்து மேசைச் சீனக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.

சாம்பாரில் மீன் எப்படி வந்தது என்று கனகேஸ்வரி கேட்டாள். போன இடத்தில் பருப்பு கிடைத்திருக்காது, மனிதன் என்ன செய்வான் என்றார் அவர்.

உள்ளுக்குள் அவருக்குப் பயம். ஒரே மகள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஈப்போவுக்கு எந்த முகத்தோடு போன் பண்ணுவது? பயம் வந்தால் அவர் வேர்ச்சொல்லுக்குள் புகுந்து ஒளிந்துகொள்வார். இன்று பயம் நிறைய இருந்ததால் பேச்சும் நிறைய இருந்தது.

கம்போடியாவில் வர்மன் வர்மன் என்று முடிகிற ராஜாக்கள் எல்லாம் யார்? நம்மவர்கள். கோயிலுக்கு வைத்த பெயர் என்ன? அங்கோர். “அங்கு ஓர் கோயில்” என்று நல்ல தமிழில் வழி சொல்லியிருக்கிறான், வெள்ளைக்காரனுக்குத்தான் புரியவில்லை.

அமோக் வந்தது. வாழையிலைத் தொன்னையில், தேங்காய்ப்பாலும் செராய்ப் புல்லும் மணக்க, ஆவியில் வெந்த மீன்.

வாழையிலையைப் பார்த்ததும் அம்பிகைபாகன் மனைவி பக்கம் திரும்பினார், இலையைக் காட்டினார், அவ்வளவுதான்.

ஒரு வாய் வைத்தார். கண் தானாக மூடிக்கொண்டது. இரண்டாவது வாய்க்கு ஈப்போ மறந்துபோனது. மூன்றாவது வாய்க்குத் தொன்னையின் அடி தெரிந்தது.

பாசார்க் கடையில் இலையில் சுட்டு விற்கும் ஓடாக்-ஓடாக் மீன் மாதிரியே இருக்கிறது என்று கனகேஸ்வரி முணுமுணுத்தாள். சொல்லிக்கொண்டே அவளும் தொன்னையை வழித்துக்கொண்டிருந்ததால் அவர் மன்னித்துவிட்டார்.

சமைத்தவர் பெயரை ரொஸ்னாவிடம் விசாரித்தார். சொக்கா என்றாள்.

“சொக்கன்!” அம்பிகைபாகன் கரண்டியை உயர்த்தினார். “மதுரைச் சொக்கன்!”

அப்போதுதான் புஷ்பராணி தலை நிமிர்ந்தாள்.

“அப்ப அவங்களும் நம்ம ஆளுங்கதான்றீங்களாப்பா?”

“பின்ன? ரத்தம் ஒன்னுதாம்மா. நடுவுல கடல் வந்து படுத்துக்கிச்சு, அவ்வளவுதான்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? எழுதி வேணும்னாலும் குடுக்கிறேன்!”

புஷ்பராணி தண்ணீர் குடித்தாள். கிளாஸை வைத்துவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பி லேசாகத் தலையசைத்தாள்.

அடுக்களைத் திரையை விலக்கிக்கொண்டு சொக்கா வந்தான். முப்பது வயது இருக்கும். புதுச் சட்டை, ஏப்ரன் இல்லை, தலைமுடியில் அப்போதுதான் தடவிய தண்ணீர். மேசைக்கு ஓரடி தள்ளி நின்று இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே குவித்தான்.

“பாரு, பாரு, கும்பிடுறான்!” அம்பிகைபாகன் பாதி எழுந்தேவிட்டார்.

அவன் ஒவ்வொரு எழுத்தாக மேசையில் எடுத்து வைப்பதுபோல் சொன்னான்.

“வ-ணக்-கம், மா-மா.”

“மாமா!” அம்பிகைபாகனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த ஒரு சொல் போதும், மற்றதெல்லாம் தானாக நிரூபணமாகிவிடும். “கேட்டியா கனகம்? மாமா! அந்தச் சொல்கூட அப்படியே இருக்குலா!”

கனகேஸ்வரி கேட்கவில்லை. அவள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து போட்டாள்.

அம்பிகைபாகன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பேப்பர் நாப்கினை விரித்து, ‘மாமா’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டார்.

“அம்மா புஷ்பா, கேளு அவர்கிட்ட. அவங்க பாஷையில மாமான்னா என்ன அர்த்தமாம்?”

“அது அவங்க பாஷை இல்லப்பா,” என்றாள் புஷ்பராணி. “நான்தான் சொல்லிக்குடுத்தேன்.”