பெயருக்கு விட்ட இடம்

ஆறு நாள் கம்பெனி ஷிப்டு முடிந்து ஞாயிற்றுக்கிழமை வந்தால், பாரிக்கு நாற்காலியும் டேப் ரிக்கார்டரும் போதும். திருவொற்றியூரில் அவன் உயிரை விடும் கானா குழு ஒன்று இருந்தது; சாவு வீடுகளில் பாடுகிறவர்கள். அவர்கள் கேசட்டை ஓடவிட்டு, பக்கத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும் பெண்டாட்டி செங்கொடிக்கு வரி வரியாக விளக்குவான்.

“‘கழட்டிவுட்ட செருப்பு ரெண்டும் தெருவ பாத்து நிக்குது.’ கேட்டியா? செத்தவன பத்தி ஒரு வார்த்த இல்ல. செருப்ப வெச்சே அழ வுடுறான். இப்ப பாரு, டோலக்கு நின்னுடும்.”

நின்றது. செத்தவரின் பெயரை வீட்டாரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளும் இடம் அது. கேசட்டில் காலியாக விட்டிருந்தார்கள்.

“நம்ம பேரு சோக்கா குந்தும்” என்ற பாரி, அந்த இடத்தில் தன் பெயரை இழுத்துப் பாடினான்.

“வாய கழுவுய்யா!” என்றாள் செங்கொடி.

டோலக் மறுபடி தொடங்கவில்லை. கேசட் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சற்றுப் பொறுத்து அதே தாளம் தெருமுனையில் கேட்டது. நெருங்கி வந்து, வாசலில் அவன் செருப்புக்குப் பக்கத்தில் நின்றது.

“யக்கா, செத்தவரு பேரு இன்னா?” கேசட்டில் பாடிய அதே குரல், பணிவாகக் கேட்டது.

செங்கொடி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் முகம் அழுது வீங்கியிருந்தது.

“பாரி” என்றாள்.

“தே, நான் இங்கதான கீறேன்!” என்று கத்தினான். யாரும் திரும்பவில்லை. எழப் பார்த்தான். கால் பெருவிரல் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

விட்ட இடத்திலிருந்து டோலக் தொடங்கியது.