தோளில் ஏறிய சம்பந்தம்

இரண்டு கைகள் வரதராஜனின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தன. மூச்சு வாங்கச் சற்று நின்றான். நெஞ்சில் ஓர் உதை விழுந்தது.

"குதிரை நிக்கக்கூடாது, மாமா" என்றான் தோளில் இருந்த மூன்று வயது ரமணன்.

குதிரை இறங்கியது. புளூ மவுண்டன்ஸ் அருவிக்குப் போகும் கற்படிகள் ஓர் ஆள் அகலம். ஒரு பக்கம் ஈரப்பாறை, மறுபக்கம் இரும்புக் கம்பி. முன்னால் ரமணனின் அப்பா டொக்டர் இந்திரகுமார் கமராவும் கையுமாக. பின்னால் அவர் மனைவி யோகராணி, ஐந்து வயது மகளைப் பிடித்தபடி. நடுவில் மாட்டிக்கொண்டவனுக்கு முன்னேறவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை.

எழுபத்தைந்தாம் வருஷம், மே மாதம். சிட்னியில் இலையுதிர் காலம். மலையில் நிற்கிற யூக்கலிப்டஸ் மரங்கள் எந்தக் காலத்திலும் மொத்தமாக இலை உதிர்ப்பதில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கு நல்ல காற்று வேண்டும் என்று டொக்டர் குடும்பம் ஞாயிறு தவறாமல் நடக்கப் போனது. வரதராஜனுக்கு இது நாலாவது ஞாயிறு.

அவன் காற்றுக்காக வரவில்லை. ஸ்ட்ராத்ஃபீல்டில் டொக்டர் வீட்டுச் சுவரில் கொழும்பில் இருக்கிற, கலியாணமாகாத யோகராணியின் தங்கை சந்திரவதனாவின் படம் ஒன்று தொங்கியது. மாசி மாதம் அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவன், படத்தைப் பார்த்த பிறகு என்ன கறி சாப்பிட்டோம் என்பதை மறந்து போனான். வயது முப்பத்தொன்று, ரயில்வேயில் இன்ஜினியர். இவளை விட்டால் இனி ஒருத்தியும் வேண்டாம் என்று அன்றே முடிவு கட்டிவிட்டான்.

அதை வாய்விட்டுச் சொல்லலாமா? சம்பந்தம் பேசுகிற நம்மவர்கள் சம்பந்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசமாட்டார்கள். எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், கூடப் பிறந்த பொம்பிளைகள் எத்தனை பேர் என்று கேட்பார்கள். மிச்சத்தை ஆளைப் பார்த்து எடைபோடுவார்கள். யோகராணி அந்த மூன்றையும் கேட்டுவிட்டு, ஞாயிறு நடக்க வாறீரோ என்றும் கேட்டாள். பரீட்சை தொடங்கிவிட்டது என்று வரதராஜன் விளங்கிக்கொண்டான்.

முதல் ஞாயிறு சாப்பாட்டுப் பை மட்டும் கொடுத்தார்கள். இரண்டாம் ஞாயிறு பையோடு தண்ணீர்ப் போத்தல்கள். மூன்றாம் ஞாயிறு பையும் போத்தலும் பிள்ளையும். ஒவ்வொன்றுக்கும் அவன், பரவாயில்லை அக்கா, தாங்கோ அக்கா என்றான். மாம்பழத்தை மோந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டவனுக்கு எந்த வியாபாரியும் விலை குறைத்ததில்லை. பாவம், அவன் சந்தைக்குப் போகாமலே வளர்ந்தவன்.

அவனுக்குத் தைரியம் கொடுத்தது கணேசலிங்கத்தின் கதை. அஷ்ஃபீல்டில் இருக்கிற அந்தக் கணக்காளனையும் டொக்டர் வீட்டார் பங்குனியில் ஒருநாள் நடக்கக் கூட்டிப் போனார்கள். பிள்ளையை ஒருக்காத் தூக்கும் என்று டொக்டர் கேட்டாராம். உங்கட பிள்ளையை நீங்கள் தூக்குங்கோ, என்ர கோட் ஊத்தையாகும் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டானாம். சிட்னியில் அப்போது நம்மவர் வீடுகள் முப்பதோ நாற்பதோதான். திங்கள் விடியுமுன் கதை எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு கணேசலிங்கத்தை எந்த மலையிலும் எவரும் காணவில்லை. வரதராஜன் அவனுக்காக மனம் வருந்தினான், சிரித்துக்கொண்டே.

கடைசி வளைவில் கழுத்துக்குப் பின்னால் இளஞ்சூடாக ஏதோ இறங்கியது. முதுகு வழியே ஓடி இடுப்பில் தங்கியது.

"ஐயோ தம்பி, நனைச்சுப்போட்டானோ?" என்றாள் யோகராணி.

"பரவாயில்லை அக்கா. சின்னப்பிள்ளைதானே."

டொக்டர் திரும்பிப் பார்த்து, இப்படி ஒரு பொறுமைசாலியைத் தான் கண்டதில்லை என்றார். பாஸ் என்று வரதராஜன் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

அடிவாரத்தில் அருவி நூலளவு விழுந்துகொண்டிருந்தது. எல்லாரும் பாறையில் உட்கார்ந்து முட்டை சான்ட்விச் சாப்பிட்டார்கள். வரதராஜன் மட்டும் நின்றபடி சாப்பிட்டான். ரமணன் அவன் தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டான், உட்கார்ந்தால் எழும்பிக் கத்துவான். மேலே ஏறிப்போக அதே படிகள்தான், வேறு பாதை கிடையாது.

இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று தோன்றியது. சுற்றி வளைத்துத் தொடங்கினான். ஹோம்புஷில் இரண்டு அறை வீடொன்று பார்த்திருப்பதைச் சொன்னான். சமைக்கிற குசினி பெரிது என்றும் சொன்னான். டொக்டர் நல்லது நல்லது என்றபடி கமராவைத் துடைத்தார். இனிப் பொறுக்க முடியாமல் யோகராணியின் பக்கம் திரும்பினான்.

"தங்கச்சி இங்க வந்தா, இந்தக் குளிர் அவவுக்குப் பிடிக்குமோ அக்கா?"

யோகராணி கணவனைப் பார்த்தாள். டொக்டர் தலையாட்டினார். கண்ணூறு படும் என்று இதுவரை ஒருத்தருக்கும் சொல்லவில்லை, நீர் எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி, அதனால் சொல்லுகிறேன் என்று குரலைத் தாழ்த்தினாள். ஆவணியில் கொழும்பில் தங்கச்சிக்குக் கலியாண எழுத்தாம், பதிவுக்கு நாள் வைத்தாயிற்றாம். மாப்பிள்ளை பிளேன் டிக்கற்றும் எடுத்துவிட்டாராம்.

"ஆர் அக்கா மாப்பிள்ளை?"

"எங்கட கணேசலிங்கம்தான்."

வரதராஜனுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. தலையில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"பிள்ளையைத் தூக்கமாட்டன் எண்டு சொன்னவரோ?"

"ஓம் தம்பி" என்றாள் யோகராணி. "கேட்டதுக்கெல்லாம் தலையாட்டுற ஆளை நம்பித் தங்கச்சியைக் குடுக்கேலுமோ?"