காதுவலிக்குக் கை வைத்தியம்

சோன்-கோல் மேய்ச்சல் மலையில் நான் ஒருவன்தான் கால்நடை டாக்டர். அன்று காலை மேலக் கூடாரத்து மருமகள் பெர்மெத் போன் செய்தாள்.

“அண்ணே, காதுல சீழு. ரெண்டு நாளா சாப்பாடு இல்ல, தூக்கம் இல்ல. கிட்டப் போனாலே உறுமல்!”

“பேரென்ன? நோட்டுல எழுதணும்.”

“பேரெல்லாம் எதுக்குண்ணே? வைத்தியத்தச் சொல்லுங்க.”

“மருந்து கீழேருந்து வர மூணு நாளாகும். அதுவரைக்கும் உப்ப வறுத்து, துணில கட்டி ஒத்தடம் குடு.”

“கடிக்க வந்தா?”

“வாயக் கட்டிடு. காதச் சொறியாம இருக்க கழுத்தச் சுத்தி அட்டைய மாட்டு. ஓடாம கம்பத்துல கட்டு.”

“ஐயோ, கட்டலாமாண்ணே?”

“பாவம் பாத்தா காது போயிடும். நான் சொன்னேன்னு கட்டு.”

“நீங்க சொன்னா சரிண்ணே.” குரலில் அப்படியொரு பணிவு.

மறுநாள் அந்தப் பக்கம் போனேன். கூடார வாசலில் நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. அதன் காது சுத்தமாக இருந்தது.

உள்ளே, கழுத்தில் தேயிலைப் பெட்டி அட்டையும் வாயில் துணியுமாக, கம்பத்தோடு கட்டுண்டு உட்கார்ந்திருந்தார் ஷெரிம்பெக். பெர்மெத்தின் மாமனார். என்னைப் பார்த்ததும் உறுமினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லமாட்டாள்.

“அடிப்பாவி! நான் நாய்க்குல்ல சொன்னேன்!”

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“தெரியும்ண்ணே. டாக்டர் உத்தரவுன்னதும் பெட்டிப்பாம்பா அடங்கிட்டாரு. வலியும் நேத்தே போயிடுச்சு.”

“அப்புறம் ஏன் இன்னும் கட்டி வெச்சிருக்க?”

“எப்ப அவுக்கணும்னு நீங்க சொல்லலையே!”