முதல் ஆயில்

"எந்தப் புண்ணியவான் இதை இப்படி இறுக்கித் தொலைச்சான்?"

டிராக்டருக்கு அடியிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. கால்கள் இரண்டும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஆயில் இறக்கும் நட்டிலிருந்து ஸ்பேனர் மறுபடியும் நழுவி, விரல் முட்டி இரும்பில் இடித்தது.

"கம்பெனியில இறுக்கினதா இருக்கும்," என்றாள் அவன் மனைவி. அவள் கையிலிருந்த டார்ச் லேசாக ஆடியது.

"ஆட்டாம பிடி. வெளிச்சம் காட்டச் சொன்னா வேடிக்கை காட்டுறியே."

அண்ணனும் தம்பியும் கூட்டாக வாங்கிய புது டிராக்டர் அது. புது இன்ஜின் ஓடிப் பழகும்போது உள்ளே இரும்புத் தூள் உதிரும், முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றாவிட்டால் இன்ஜினுக்கே ஆபத்து என்று விற்றவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அது தம்பியின் வேலை என்று பேச்சு. தம்பியோ நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே போனான். ஒரு நாள் அண்ணன் வாய்க்கு வந்தபடி கத்தித் தீர்த்தான். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, உப்பு வேண்டும் என்றால்கூட மனைவிமார்தான் தூது போக வேண்டியிருந்தது.

நேற்று அண்ணன் டவுனுக்குப் போய் புரோக்கரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருந்தான். இன்று சாயங்காலம் அவர் வண்டியைப் பார்க்க வருகிறார். வண்டியை விற்றுப் பிரித்துக்கொள்வது, வீட்டுக்கு நடுவிலும் ஒரு சுவர் எழுப்பிவிடுவது. இனி அதில் மாற்றமில்லை என்று சொல்லிவிட்டான்.

"விக்கிற வண்டிக்கு இப்ப எதுக்குங்க ஆயில்?"

"வாங்கினவன் நாளைக்கு வந்து என் மூஞ்சியில காறித் துப்பவா? ஒருத்தன் செய்யலைன்னா இன்னொருத்தன் செஞ்சுதானே ஆகணும்."

"அதுக்கில்லைங்க. மேல ஆயில் குச்சியை ஒரு தடவை எடுத்துப் பாத்துட்டு..."

"என்னத்தைப் பாக்குறது? கரியாத்தான் இருக்கும். அவன் லட்சணம் எனக்குத் தெரியாதா?"

"இல்ல, பாத்துட்டா..."

"நீ கொஞ்சம் சும்மா இருக்கியா? அந்தப் பேசினை இப்படித் தள்ளு."

தள்ளினாள். அண்ணன் அதையே பார்த்தான்.

"இதென்ன, இப்படிப் பளபளன்னு இருக்கு?"

"சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் காய வச்சேன்."

"அழுக்கு ஆயிலைப் பிடிக்கிறதுக்கு எவளாவது பேசினைத் தேய்ப்பாளா?"

அவனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. படுத்திருந்த இடத்தில் கையைத் தூக்க வழியில்லை.

சத்தம் கேட்டுத் தம்பி வாசலுக்கு வந்தான். பின்னாலேயே அவன் மனைவியும் வந்து நின்றாள்.

"அண்ணி, யாரும் கஷ்டப்பட வேணாம்னு சொல்லுங்க," என்றான் தம்பி.

"ஐயா எழுந்து வந்ததே பெருசுன்னு சொல்லு," என்றது டிராக்டரின் அடி.

அண்ணி இரண்டையும் சொல்லவில்லை. இருவருக்கும்தான் காது நன்றாகக் கேட்டதே.

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரை ஒரு உதை விட்டான். நட்டு அசைந்தது. கறுப்பாகக் கொட்டப்போகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பேசினில் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்த்தான்.

தேன் மாதிரி ஆயில் இறங்கிக்கொண்டிருந்தது.

விரலில் தொட்டு உரசிப் பார்த்தான். ஒரு துளித் தூள் கிடையாது. நிமிர்ந்து பார்த்தால் ஃபில்டரும் புதுசு. அவசர அவசரமாக நட்டைத் திரும்ப முடுக்கினான். பிறகு நகர்ந்து வெளியே வந்தான். பல நாளுக்குப் பிறகு தம்பியை நேராகப் பார்த்தான்.

"மாத்திட்டியா?"

தம்பி திருதிருவென விழித்தான். பேசினைப் பார்த்தான், டிராக்டரைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், முதுகில் எறும்பு கடித்தது போல நெளிந்து, வாயை மூடிக்கொண்டான்.

"நேத்து நான் இல்லாத நேரமாப் பாத்து மாத்தியிருக்க. ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவ?"

"நாம என்ன... பேசிக்கிற மாதிரியாண்ணா இருந்தோம்?" தம்பியின் குரல் உள்ளே போய்விட்டது.

அண்ணனுக்கு வெட்கமாக இருந்தது. இவனைப் போய் ஊரெல்லாம் என்னென்னவோ பேசி வைத்தோமே என்று மனசு அடித்துக்கொண்டது. அதைச் சொல்லத் தெரியாமல், துணியில் கையைத் துடைத்தபடி, "அதுக்காக நட்டை இப்படியா இறுக்குவ? அடுத்த தடவை அளவா இறுக்கு," என்றான்.

அடுத்த தடவை என்று அவன் சொன்னதும் அவன் மனைவி டார்ச்சை அணைத்தாள்.

அங்கே நின்றபடியே அண்ணன் புரோக்கருக்குப் போன் போட்டான். "வண்டி கொடுக்கிறதா இல்லைங்க. நீங்க அலைய வேணாம்."

பேசினிலிருந்த ஆயிலை வீணாக்காமல் தம்பி ஊற்ற, அண்ணன் புனலைப் பிடித்தான். மெதுவா ஊத்து, சாய்க்காதே என்று பழையபடி நேருக்கு நேர் சண்டை ஆரம்பித்தது. மனைவிமார் இருவரும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

சின்னவள் குழாயைத் திறந்து நகக்கண்ணைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். "நேத்துலேர்ந்து தேய்க்கிறேன் அக்கா, இந்தக் கறுப்பு போகவே மாட்டேங்குது."

"அது போகும்," என்றாள் பெரியவள், தன் கையையும் நீட்டியபடி. "ஆனாலும் ஒழுகிடுமோன்னு பயந்து நாம ரெண்டு பேரும் அந்த ஸ்பேனர்ல அப்படித் தொங்கியிருக்கக் கூடாதுடி."